கச்சேரி, சேர்ந்திசை, வகுப்பு: மூன்றையும் மதுரையிலேயே இருந்து கொண்டுபோக முடியுமா?

செல்லூர் ஸ்ருதி – கேள்வி

வணக்கம். வாய்ப்பாட்டில் எம்.ஏ. முடித்தாயிற்று. வயது 23, ஸ்ருதி 5½ கட்டை (கட்டை என்பது ஆதார ஸ்ருதியின் உயரம்). சென்னைக்குப் போகும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. மூன்று வேலை ஒரே சமயத்தில் வந்து நிற்கிறது.

முதலாவது, நவராத்திரிக்கு ஒரு கோயிலில் 1½ மணி நேரக் கச்சேரி. திறந்தவெளி மேடை. பக்கவாத்தியத்தை நான்தான் கூட்டி வர வேண்டுமாம். மொத்தமாக ஒரு தொகை கையில் தந்துவிடுவார்கள்.

அடுத்தது, ஒரு கல்லூரி ஆண்டு விழாவில் 32 மாணவர்கள் பாடும் சேர்ந்திசை, 20 நிமிடம். பெண்கள் 18, ஆண்கள் 14. பாதிப் பேருக்கு சங்கீதப் பயிற்சியே கிடையாது. ஆறு வாரம் இருக்கிறது. முன்னால் நின்று நடத்துவது எனக்குப் புதிது.

இது போக வீட்டில் வகுப்பு. 11 பேர், ஏழு வயதுக் குழந்தையிலிருந்து ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி வரைக்கும்.

கேட்க விரும்புவது இவை. 1½ மணி நேரத்துக்குப் பாட்டு வரிசை எப்படி வைப்பது? பக்கவாத்தியக்காரர்களிடம் என்னென்ன முன்கூட்டியே பேச வேண்டும்? ஆணும் பெண்ணும் சேர்ந்து பாட எந்தக் கட்டை? பாட்டு சொல்லிக் கொடுத்தால் குரல் கெடும் என்கிறார்களே, உண்மையா? மேற்கொண்டு சான்றிதழ், தேர்வு என்று ஏதாவது தேவையா?


கோரிப்பாளையம் மிருதங்கம்

தங்கச்சி, கச்சேரி விஷயம் மட்டும் நான் சொல்றேன், மத்ததுக்கு ஆள் வருவாங்க.

பக்கவாத்தியத்துக்கு போன் பண்ணும்போது தேதிக்கு முன்னாடி கட்டையைச் சொல்லுங்க. 5½ கட்டைக்கு ஹெச்சு மிருதங்கம் (உயர்ந்த ஸ்ருதிக்கானது) வேணும், 22 அங்குலம் மாதிரி சின்ன மரக்கட்டை. ஆம்பளைப் பாடகருக்கு 1 கட்டை, 1½ கட்டைக்கு வாசிக்கிற தக்கு மிருதங்கத்தை இழுத்துப் பிடிச்சு 5½-க்குக் கொண்டுவர முடியாது. வார் தெறிக்கும், இல்லாட்டி நாதமே செத்துப்போகும். வாசிக்கிறவர்கிட்ட ரெண்டு விதமும் இருக்கும், ஆனா எதைத் தூக்கிட்டு வரணும்னு நீங்க சொன்னாத்தான் தெரியும். கடமும் அப்படித்தான். சுட்டு எடுத்த கடத்துக்கு ஸ்ருதி அதோட பிறப்பு. பெருசா மாத்த முடியாது. 5½-க்குச் சேர்ற கடம் கையில இருக்கான்னு கேட்டுட்டு ஒத்துக்குங்க. நம்ம பக்கத்து மானாமதுரைக் கடம் கனமானது, நாதம் கணீர்னு இருக்கும், திறந்தவெளிக்கு நல்லாவே எடுக்கும். ஸ்ருதி சேரலைன்னா கடத்தை விட்டுட்டுக் கஞ்சிராவுக்குப் போயிருங்க, தப்பில்ல.

ரெண்டாவது, பாட்டுப் பட்டியல். வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் நாலு நாளைக்கு முன்னாடியே அனுப்புங்க. ராகம், தாளம், எடுப்பு (தாளத்துல பாட்டு எங்க ஆரம்பிக்குது), எத்தனை களை (ஒரு தாள எண்ணிக்கைக்கு எத்தனை பிரிவு), நிரவல் (ஒரே வரியை விதவிதமா விரிச்சுப் பாடுறது) எந்த வரியில, ஸ்வரம் எந்த இடத்துக்கு வந்து விழுது, இவ்வளவும் எழுதணும். வெறும் பாட்டுப் பேரை மட்டும் அனுப்பிட்டு மேடையில "இது முக்கால் எடுப்பு"ன்னு கையைக் காட்டுனா தனி (தாள வாத்தியம் மட்டும் வாசிக்கிற பகுதி) முடிஞ்சு திரும்பி வர்ற இடத்துல தடுமாறும்.

வரிசைக்கு வருவோம். 90 நிமிஷத்துக்கு, மெயினான பெரிய பாட்டு போக, சப்-மெயின்னு இன்னொரு விரிவான பாட்டு வைக்காதீங்க. அதை நுழைச்சாத்தான் மெயின் சுருங்கி, தனிக்கு மூணு நிமிஷம்னு கெஞ்சிக்கிட்டு இருப்போம். வர்ணம் 5 நிமிஷம். அடுத்து பிள்ளையார் கிருதி, ஹம்சத்வனியோ நாட்டையோ, நாலு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) ஸ்வரத்தோட 8. அப்புறம் நிதானமா ஒண்ணு, 9 நிமிஷம். நவராத்திரி, அதுவும் மதுரைன்னா இந்த இடத்துக்கு சியாமா சாஸ்திரி நவரத்தினமாலிகையில இருந்து எடுங்க. ஆனந்தபைரவியில 'மரிவேறே கதி' மிஸ்ர சாபு, இல்ல தன்யாசியில 'மீனலோசனா'. மீனாட்சி மேல பாடுன பாட்டு, மீனாட்சி ஊர்ல பாடணுமில்ல. அதுக்கப்புறம் 4 நிமிஷத்துல துரித காலமா ஒண்ணு, சபையை உலுக்கிவிட. மெயினுக்கு ஆலாபனை 8, வயலின் 4, கிருதி 11, நிரவலும் ஸ்வரமும் 10, தனி 9. இதோட 68 ஆச்சு. கடைசியில ஒரு திருப்புகழ், ஒரு விருத்தம் பாட்டோட, மங்களம், எல்லாம் 13. மிச்சம் 9 நிமிஷத்தைத் தொடாதீங்க. கோயில்ல சொன்ன நேரத்துக்கு மேடை கிடைக்காது, நடுவுல தீபாராதனை வந்துரும்.

அந்த தீபாராதனை முக்கியம். மணியும் மேளமும் ஆரம்பிச்சா அதோட போட்டி போட்டுப் பாடக்கூடாது. பூஜை எத்தனை மணிக்குன்னு முன்னாடியே கேட்டு வச்சுக்கிட்டு, அந்த நேரம் ஆலாபனையோ வயலின் முறையோ வர்ற மாதிரி வரிசையை நகர்த்துங்க. ஆலாபனையை நிறுத்திட்டு மறுபடி எடுக்கலாம். கிருதி நடுவுல நிறுத்துனா தாளம் போச்சு.

மெயின் பிரதிமத்யமம்னா (உயர்ந்த 'ம' வர்ற ராகம்: கல்யாணி, பந்துவராளி) அதுக்கு முன்னாடி நிதானமா வர்றது சுத்தமத்யமமா (தாழ்ந்த 'ம') இருக்கட்டும். கேக்கறவனுக்கு ராகம் மாறுனது காதுல விழணும்.

மேடையில உங்க வலது கைப் பக்கம் மிருதங்கம், இடது கைப் பக்கம் வயலின். வலந்தலை (வலது கை வாசிக்கிற முகம்) சபையைப் பார்த்து வர்றதுக்காக அப்படி. இடது கை வாசிப்புக்காரர்னா இடம் மாறும், மேடையில ஜமுக்காளம் விரிக்கிறவன்கிட்ட முன்னாடியே சொல்லணும்.

சவுண்டு ஆள்கிட்ட முதல் வார்த்தை: "எக்கோவை முழுசா எடுத்துருங்கண்ணே." பொதுக்கூட்டத்துக்கு வச்ச எக்கோவோட ஸ்வரம் பாடுனா ஒரு ஸ்வரம் அடுத்ததுமேல ஏறி உக்காரும். உங்க மைக் வாயிலிருந்து ஒரு சாண், மேல் ஸ்தாயிக்கு, அதாவது உச்சக் குரலுக்குப் போகும்போது இன்னும் நாலு விரல் பின்னாடி. மிருதங்கத்துக்கு ரெண்டு மைக், வயலினுக்கு ஒண்ணு, கடத்துக்கு ஒண்ணு. மானிட்டர்ல (மேடையில இருக்கிறவங்களுக்குக் கேக்குற ஸ்பீக்கர்) தம்பூராவும் உங்க குரலும் மட்டும் போதும். மிருதங்கத்தையும் அதுலயே ஏத்துனா ஸ்ருதி காதுல விழாம நீங்க ஏத்தி ஏத்திப் பாடிருவீங்க. தம்பூரா போன் ஆப்னா ஏரோப்ளேன் மோடு. மெயின் ஆலாபனையில மாமா போன் பண்ணுவாரு.

புரட்டாசி சாயங்காலம் மழைக்காத்து அடிச்சா தோல் ஈரத்துல இறங்கும், ஸ்ருதி கால் கட்டை வரைக்கும் விழும். வர்ணம் முடிஞ்சதும் ஒரு தடவை, மெயினுக்கு முன்னாடி ஒரு தடவை ஸ்ருதி சேர்க்க நேரம் கொடுங்க. அந்த நேரத்துல சபையைப் பார்த்துப் பேசுறேன்னு கிளம்பாதீங்க, எங்களுக்குக் காது கேக்காது.

காசு. மொத்தத் தொகையை நீங்க வாங்குறதால, ஒவ்வொருத்தருக்கும் எவ்வளவுன்னு ஒத்துக்கும்போதே சொல்லிருங்க. வண்டிச் செலவு உள்ளயா வெளியவான்னும் சொல்லிருங்க. வாட்ஸ்அப்ல ஒரு வரி எழுதி வச்சா போதும். கோயில் காசு ஒரு மாசம் கழிச்சுக்கூட வரும். ஆனா மிருதங்கம், வயலின், கடத்துக்கு அன்னைக்கு ராத்திரியே கொடுத்தாகணும். அந்தப் பணம் கையில இல்லாம தேதி ஒத்துக்காதீங்க.


தெப்பக்குளம் சேர்ந்திசை

ஸ்ருதி, உங்கள் கேள்வியில் கஷ்டமானது அந்த 32 பேர்தான். தனிக் கச்சேரி நன்றாகப் பாடுகிறவர்கள் பலர் சேர்ந்திசையில் தடுமாறுவதற்குக் காரணம் ஒன்றே: முன்னால் நின்று தாங்களும் கூடவே பாடிக்கொண்டிருப்பார்கள். தன் குரல் காதை அடைத்திருக்கும்போது பின்வரிசையில் யார் ஸ்ருதி இறங்குகிறார் என்பது கேட்காது. வாய் அசையலாம், சத்தம் வரக்கூடாது.

கட்டை பற்றி. உங்கள் 5½ கட்டையில் வைத்தால் பையன்களால் உங்கள் ஸ்தாயியில் (ஸ முதல் நி வரையான ஒரு சுற்று) மேல் சட்ஜத்தை, அதாவது மேல் 'ஸ'வை, எட்ட முடியாது. ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால் மத்திய சட்ஜமே அவர்களுக்குக் கிணற்றின் அடிபோல ஆழம். 1½ கட்டையில் வைத்தால் பெண்களுக்குக் கீழ்ப்பாதி முழுவதும் காற்றுதான். பயிற்சியில்லாத கூட்டத்துக்கு 3 கட்டை வைத்து, எல்லோரும் ஒரே ஸ்தாயியில் பாடட்டும். பையன்களுக்கு மேல் சட்ஜம் வரை எட்டும். பெண்களுக்குக் கீழ் சட்ஜம் வரை கேட்கும்படி நிற்கும். ஆகவே பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது சட்ஜத்திலிருந்து மேல் சட்ஜத்துக்குள் அடங்குகிற மெட்டா என்று பாருங்கள். மேல் ரிஷபம் (ரி), காந்தாரம் (க) தொடுகிற வரிகளைப் பெண்களுக்கு மட்டும், கீழ் பஞ்சமம் (ப) வரை இறங்குகிற வரிகளை ஆண்களுக்கு மட்டும் பிரித்துவிடுங்கள். பிரிப்பது சபைக்கு ஒரு ரசமாகவும் இருக்கும், உள்ளே காரணம் கட்டைதான் என்று யாருக்கும் தெரியாது.

இந்தச் சிக்கலை நேரில் பார்க்க வேண்டுமென்றால் ஏதாவது ஒரு தியாகராஜ ஆராதனையில் பஞ்சரத்தின கோஷ்டிக்கு (தியாகராஜரின் ஐந்து கிருதிகளைக் கூட்டமாகப் பாடுகிறவர்கள்) நடுவில் போய் உட்காருங்கள். ஐந்தும் ஆதி தாளம், எல்லோருக்கும் மனப்பாடம், அப்படியிருந்தும் முதல் பாட்டு நாட்டையிலிருந்து கடைசிப் பாட்டு ஸ்ரீராகத்துக்குள் எத்தனை பேர் மேல் ஸ்தாயியில் நழுவி கீழே வந்துவிடுகிறார்கள் என்று கவனியுங்கள்.

ராகம்: மோகனம், ஹம்சத்வனி, கல்யாணி, மாயாமாளவகௌளை போல ஸ்வரம் நேராக நிற்கும் ராகங்கள். தோடி, சஹானா, பேகடா வேண்டாம். அவற்றில் ஒரு காந்தாரத்தை 32 பேர் 32 விதமாக அசைப்பார்கள், கேட்பவருக்கு அபஸ்வரமாகத்தான் விழும். எடுத்துக்கொண்ட பாட்டிலும் சங்கதிகளை (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் விதங்கள்) அளந்து வையுங்கள். பல்லவிக்கு மூன்று, அனுபல்லவிக்கு இரண்டு. எந்த எழுத்தில் அசைவு, எத்தனை அசைவு, எங்கே அசையாமல் நிற்பது என்று சாகித்தியத்தின் மேலேயே பென்சிலால் குறித்துப் பிரதி எடுத்துக் கொடுங்கள்.

20 நிமிடத்துக்கு நான்கு உருப்படி போதும். முதலில் திருப்புகழ், திருப்பரங்குன்றத்துக்கு உரியதாக இருந்தால் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒட்டும். அதன் சந்தமே தாளத்தைச் சொல்லிக் கொடுத்துவிடும். பிறகு ஒரு தமிழ்க் கிருதி, ஒரு பாரதியார் பாட்டு, கடைசியில் வேகமான ஒன்று. விருத்தம், தாளமில்லாத பதிகம் எதுவும் கூட்டத்துக்குக் கொடுக்காதீர்கள். அதை ஒருவர் தனியாகப் பாட, முடிவில் கூட்டம் சேர்ந்துகொள்ளலாம்.

ஆறு வாரம், வாரம் இரண்டு, தடவைக்கு 75 நிமிடம். முதல் நான்கு ஒத்திகை முழுக்க சாகித்தியமும் மெட்டும், வரி வரியாக. அதிலும் முதல் நாள் பாடாமல் வாசிக்கச் சொல்லுங்கள், தாளத்தோடு. ல, ள, ழ மூன்றும் ஒரே மாதிரி வருகிறவர்கள் அன்றைக்கே தெரிந்துவிடுவார்கள். 5 முதல் 8 வரை தாளமும் பிரிவுகளும். 9, 10 தாளைக் கீழே வைத்துவிட்டு. 11-வது மிருதங்கத்தோடு, 12-வது மேடையில் மைக்கோடு. மிருதங்கம் முதன்முறையாக விழா அன்றுதான் சேரும் என்றால், நிச்சயம் வேகம் எகிறும்.

கை எப்படிக் காட்டுவது? வலது கையில் மார்பு உயரத்தில் சின்னதாகத் தாளம். தொடையில் தட்டினால் பின்வரிசைக்குத் தெரியாது. இடது கை எடுப்புக்கும், ஏற்ற இறக்கத்துக்கும், முடிப்புக்கும். எடுப்புக்கு ஒரு அட்சரம் (ஒரு தாள எண்ணிக்கை) முன்னால் நீங்கள் மூச்சை இழுப்பது அவர்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தட்டு விழுந்து அரை அட்சரம் தள்ளித் தொடங்கும் பாட்டில் இதுதான் உயிர். மூச்சு காட்டாவிட்டால் முதல் எழுத்தைப் பத்துப் பேர் மட்டும் பாடுவார்கள், மற்றவர்கள் இரண்டாவது எழுத்தில் வந்து ஏறுவார்கள். முடிப்பும் அப்படியே. "ம்", "ன்", "ல்" என்று முடிகிற சொல்லை எந்த விரலில் மூடுவது என்று சொல்லி வையுங்கள்.

கூட்டம் வேகம் பிடிப்பது பெரும்பாலும் அனுபல்லவியில்தான். குரல் மேலே ஏறும்போது மூச்சு சீக்கிரம் தீருகிறது. கார்வையை (ஸ்வரத்தை நீட்டி நிறுத்தும் இடம்) குறைத்துக்கொண்டு அடுத்த சொல்லுக்குத் தாவுகிறார்கள். மெட்ரோனோமைப் போட்டுத் திட்டுவதில் பயன் இல்லை. கார்வை வருகிற இடத்தில் மட்டும் எல்லோரையும் விரல் எண்ணச் சொல்லுங்கள், இரண்டு ஒத்திகையில் நிற்கும். நீளமான வரியில் ஒற்றைப்படை ஆட்கள் ஓரிடத்திலும் இரட்டைப்படை ஆட்கள் இன்னோரிடத்திலும் மூச்செடுத்தால் வரி அறுபடாது.

ஸ்ருதிப் பெட்டி உங்கள் காலடியில் இருந்தால் உங்களுக்குத்தான் கேட்கும். இரண்டு பெட்டி, இரண்டாம் வரிசைக்கும் மூன்றாம் வரிசைக்கும் நடுவில் நாற்காலி மேல்.

மைக் ஆளுக்கொன்றாகக் கேட்காதீர்கள். பதினோரு பேராக மூன்று வரிசை நின்றால் அகலம் 22 அடி வரும். ஸ்டாண்டில் மூன்று கண்டென்ஸர் மைக் போதும். முதல் வரிசையிலிருந்து 3 அடி தள்ளி, தலைக்கு மேல், இரண்டாம் வரிசையைப் பார்த்து. மைக்குக்கு மைக் 9 அடி, அதாவது பாடுகிறவருக்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்கு. நெருக்கி வைத்தால் ஒரே குரல் இரண்டு மைக்கில் நூலிழை முன்பின்னாக விழுந்து ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். சத்தம் இருக்கும், சொல் தெளியாது. நல்ல குரல்களை நடு வரிசையில் வையுங்கள், முன்வரிசை ஓரத்தில் அல்ல. ஓரத்தில் நிற்கும் ஒரே ஒரு பலமான குரல் ஒரு மைக்கையே பிடித்துக்கொள்ளும்.


அலங்காநல்லூர் ரசிகன்

மேலே அக்கா சொன்ன 3 கட்டையில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. பயிற்சியே இல்லாத 14 பையன்களில் நாலைந்து பேருக்கு மேல் சட்ஜம் 3 கட்டையிலும் பிளிறலாகத்தான் வரும். அவர்களைச் சுமந்துகொண்டு 32 பேரின் கட்டையைக் கீழே இறக்குவதைவிட, பெண்களுக்கு வசதியாக 4½ வைத்து, பாடக்கூடிய பையன்களை மட்டும் வரிகளில் சேர்த்து, மற்றவர்களுக்குக் கடைசி உருப்படியில் சொற்கட்டு (தாளச் சொற்களை வாயால் சொல்வது) கொடுத்துவிடலாம். தகதிமி, தகஜணு என்று எட்டு ஆவர்த்தனம், முடிவில் மூன்று முறை வருகிற ஒரு தீர்மானம். தாளம் நிற்கும், கைதட்டலும் அங்கேதான் விழும். ஆனால் சொற்கட்டு சொல்லுகிறவர்கள் மைக்கிலிருந்து தள்ளி நிற்க வேண்டும்.


தெப்பக்குளம் சேர்ந்திசை

@அலங்காநல்லூர் ரசிகன், பையன்கள் எப்படி என்பதைப் பொறுத்தது, தம்பி. முதல் நாளே ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு 3 கட்டையில் ஸரிகமபதநிஸ ஏறி இறங்கச் சொன்னால் தெரிந்துவிடும், ஆளுக்கு இரண்டு நிமிடம். பத்துப் பேருக்கு மேல் எட்டினால் 3. எட்டாவிட்டால் நீங்கள் சொல்வதே சரி. எதுவானாலும் இரண்டாம் வாரத்துக்குப் பிறகு கட்டையை மாற்றக் கூடாது. தொண்டை பழகிய இடத்திலேயே போய் நிற்கும்.


மாசி வீதி பாட்டு டீச்சர்

வகுப்பையும் சான்றிதழையும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

சொல்லிக் கொடுப்பதால் குரல் கெடாது. மாணவர் பாடும்போது கூடவே பாடுவதால் கெடும். ஒரு வரியை அதிகபட்சம் மூன்று தடவை பாடிக் காட்டுங்கள், பிறகு வாயை மூடிக்கொண்டு தாளம் மட்டும். தப்பினால் நிறுத்தி, தப்பிய இடத்தை மட்டும் பாடுங்கள். குழந்தைகள் 5½ முதல் 6 கட்டை வரை பாடுவார்கள், அது உங்கள் குரலுக்குச் சிரமமில்லை. அந்த வங்கி அதிகாரி ஆண் என்றால் அவருக்கு 1, 1½ கட்டை இருக்கும். அவருக்கு ஒரு ஸ்தாயி மேலே, உங்கள் மேல்பாதியிலேயே நின்று பாடிக் காட்ட வேண்டி வரும். 45 நிமிடம் அங்கேயே நின்றால் தொண்டை இறுகும். அப்படிப்பட்ட வகுப்பு ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். அவரை உங்கள் 5½ கட்டையில் கட்டிப்போடவும் கூடாது, பாவம், ஸ்ருதியே நிற்காமல் "எனக்கு வராது" என்று விட்டுப் போய்விடுவார்.

12, 13 வயதுப் பையன் இருந்தால் குரல் உடைகிற பருவத்தில் வகுப்பை நிறுத்தச் சொல்லாதீர்கள். அரை அரைக் கட்டையாக இறக்கி, நடு ஸ்தாயிக்குள்ளேயே பாட வைத்து, மீதி நேரத்தைத் தாளத்துக்கும் ஸ்வரம் எழுதப் பழகுவதற்கும் கொடுங்கள்.

11 பேரை நாளுக்கு ஒருவராக எடுக்காமல், ஒரே பாடத்தில் நிற்பவர்களை நாலைந்து பேராகச் சேருங்கள். வயதால் சேர்க்காதீர்கள், பாடத்தாலும் கட்டையாலும் சேருங்கள். 45 நிமிடத்தில் முதல் 5 அகாரம் ('ஆ' என்று பாடும் பயிற்சி), 10 பழைய பாடம், 15 புதியது, 10 ஒவ்வொருவராகத் தனியே, கடைசி 5 நீங்கள் பாடுவதை அவர்கள் போனில் பதிவு செய்துகொள்ள. தனியே பாட வைக்காத கூட்டு வகுப்பில் இரண்டு பேர் பாடுவார்கள், மூன்று பேர் வாயசைப்பார்கள். வர்ணத்துக்கு வந்த பிறகுதான் அது வெளியே தெரியும்.

ஆரம்பப் பாடமான சரளி வரிசையில் மூன்று காலம் (மூன்று வேகம்) வராததற்கு மூன்றாம் காலம் காரணமில்லை. முதல் காலத்தையே வேகமாக எடுத்துவிடுகிறார்கள். நிமிடத்துக்கு 60 அட்சரம் என்று வைத்தால் மூன்றாம் காலத்தில் நிமிடத்துக்கு 240 ஸ்வரம். முதலில் 80-ல் எடுத்தால் 320; குழந்தை எங்கே போகும்? ஏழு தாளப் பயிற்சியான அலங்காரத்தில் ஆதியை மட்டும் முடித்துவிட்டு, அடுத்த பாடமான கீதத்துக்குத் தாவுகிற வழக்கம் நம் ஊரிலும் இருக்கிறது. ஏழு தாளமும் நடத்துங்கள். பின்னால் சேர்ந்திசையில் தாளம் போட ஆள் தேடி அலைய வேண்டாம்.

ஆன்லைன் வகுப்பு என்றால் சேர்ந்து பாடுவதை மறந்துவிடுங்கள், ஒலி தாமதமாகத்தான் வரும். தம்பூரா மாணவர் பக்கத்தில் ஓட வேண்டும், உங்கள் பக்கத்தில் அல்ல. ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' வைக்காவிட்டால் தம்பூராவை இரைச்சல் என்று நினைத்து அது வெட்டிவிடும். கார்வையும் பாதியில் அறுந்து கேட்கும்.

சம்பளத்தை மாதத்துக்கு 8 வகுப்பு என்று முன்பணமாக வாங்குங்கள். அவர்கள் வராத வகுப்புக்குக் கழிவில்லை, நீங்கள் கச்சேரிக்குப் போய் விட்ட வகுப்பை ஈடு கட்டுவீர்கள் என்று சேரும்போதே சொல்லிவிடுங்கள். விஜயதசமிக்குப் புதிதாகச் சேர்க்கக் கேட்பார்கள். உங்கள் கச்சேரியும் அதே வாரம் என்பதால், அன்றைக்கு முதல் பாடம் மட்டும் ஆரம்பித்துவிட்டு வகுப்பை அடுத்த வாரத்திலிருந்து வையுங்கள்.

கச்சேரிக்கு இரண்டு நாள் முன்னாலிருந்து வகுப்பும் கல்லூரி ஒத்திகையும் கிடையாது. கல்லூரி ஒத்திகை உள்ள நாளில் வீட்டில் ஒரு வகுப்புக்கு மேல் வேண்டாம். கூட்டத்தின் முன்னால் பேசுவதுதான் பாடுவதைவிட அதிகம் தேய்க்கும். பேச ஒரு சின்ன மைக் கேளுங்கள், கத்தாதீர்கள். ராத்திரி கச்சேரி முடித்து பதினோரு மணிக்குப் பரோட்டா சாப்பிட்டுப் படுத்தால் புளித்த ஏப்பத்தோடு காலையில் குரல் கரகரக்கும். அதைச் சளி என்று நினைத்து மிளகுப் பால் குடித்துக்கொண்டே இருப்பார்கள். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நின்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்நாணைப் பார்க்கச் சொல்லுங்கள், கைவைத்தியம் போதாது.

சான்றிதழ். கச்சேரிக்கு எதுவும் தேவையில்லை, வேலைக்குத் தேவை. கல்லூரி உதவிப் பேராசிரியர் என்றால் எம்.ஏ.வோடு தகுதித் தேர்வான நெட் (தேசிய அளவு) அல்லது செட் (மாநில அளவு), இல்லையென்றால் முனைவர் பட்டம். அரசுப் பள்ளி இசை ஆசிரியருக்கு அரசுத் தேர்வுத் துறை நடத்தும் இசைத் தேர்வு லோயர், ஹையர் இரண்டும், 42 நாள் கோடைப் பயிற்சியான தொழிலாசிரியர் சான்றிதழும் கேட்பது வழக்கம். அறிவிக்கை வரும்போது வரிவரியாகப் படியுங்கள். கேந்திரிய வித்யாலயாவில் தொடக்கநிலை இசை ஆசிரியருக்கு பிளஸ் டூவில் 50 சதவீதமும் இசையில் இளங்கலையும். தனியார் பள்ளிகள் பட்டத்தைப் பார்க்கும், ஆனால் ஆண்டு விழாவுக்கு சேர்ந்திசை நடத்தத் தெரியுமா என்றுதான் முதலில் கேட்கும். கல்லூரி நிகழ்ச்சியை ஒழுங்காக வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு வயது 23 என்பதால் ஒன்றை உடனே பாருங்கள். மத்திய கலாசார அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகை 18 முதல் 25 வயது வரை. மாதம் 5,000 ரூபாய், இரண்டு ஆண்டு. குருவிடம் மேற்கொண்டு கற்பதற்கானது. மாவட்டக் கலை மன்றத்தின் கலை வளர்மணி விருதுக்கு 19 முதல் 35 வயது, அதற்கு அவசரமில்லை. வானொலி நிலையத்தில் ஆடிஷனுக்கும் எழுதிப் போடுங்கள்; முதலில் 'பி' தரம், பிறகு 'பி ஹை', 'ஏ', 'ஏ டாப்'. வெளியூர் சபாக்கள் அழைப்பிதழில் போட அது உதவும்.

மேடைக்கு ஊருக்குள்ளேயே இடம் உண்டு. தமிழிசைச் சங்கத்தை (ராஜா முத்தையா மன்றம்) அணுகும்போது முழுத் தமிழ்ப் பட்டியலோடு போங்கள்: முத்துத்தாண்டவர், அருணாசலக் கவி, மாரிமுத்தாப் பிள்ளை, கோபாலகிருஷ்ண பாரதி, தேவாரம் ஒன்று. சம்பந்தர் மதுரையில் பாடிய 'மந்திரமாவது நீறு', பண் காந்தாரம், ஓதுவார்கள் நவரோஜில் பாடுவது, நம் ஊர் மேடைக்குப் பொருத்தம். சத்குரு சங்கீத சமாஜத்தின் லட்சுமி சுந்தரம் ஹால் மேடைக்கு சங்கீத மும்மூர்த்திகளை (தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி) வைத்து வேறு பட்டியல். ஒரே பட்டியலை இரண்டு இடத்துக்கும் நீட்டாதீர்கள்.


செல்லூர் ஸ்ருதி

எல்லோருக்கும் நன்றி. தெப்பக்குளம் அக்கா, சேர்ந்திசையில் இரண்டு சந்தேகம். பாரதியார் பாட்டு ஒன்றை மிஸ்ர சாபுவில் மெட்டமைத்து வைத்திருக்கிறேன். தாளம் தெரியாதவர்களுக்கு ஏழைக் கையில் எப்படிக் காட்டுவது? சேர்ந்திசைக்கு மிருதங்கம் மேடையில் எங்கே உட்கார வேண்டும்?


தெப்பக்குளம் சேர்ந்திசை

ஏழாக எண்ண வைக்காதீர்கள். எண்ணத் தொடங்கினால் ஆறில் ஒருவர், எட்டில் ஒருவர் நிற்பார். "தகிட தகதிமி" என்று சொல்லிக்கொண்டே நடக்கச் சொல்லுங்கள், "தகிட"வுக்கு ஒரு அடி, "தகதிமி"க்கு ஒரு அடி. முதல் அடி குறுகும், இரண்டாவது நீளும். அது காலில் ஏறிய பிறகு சாகித்தியத்தை அதன்மேல் வாசிக்கட்டும், அப்புறம் பாட்டு. நீங்களும் இரண்டே அசைவு காட்டினால் போதும்: சின்னதாக ஒன்று, கொஞ்சம் அகலமாக ஒன்று. அவர்கள் வழுக்குவது "தகதிமி"யில் கடைசி ஒன்றைத் தின்றுவிட்டு ஆறாக, அதாவது ரூபகம் மாதிரி, ஆக்கிவிடுவதில். கேட்டதும் கண்டுபிடித்துவிடலாம், பாட்டு துள்ள ஆரம்பிக்கும்.


கோரிப்பாளையம் மிருதங்கம்

மிருதங்கம் கூட்டத்துக்கு முன்னாடி, சபையைப் பார்த்து உக்கார வைக்கிறதுதான் எல்லாரும் பண்றது. அப்ப வாசிக்கிறவருக்கு உங்க கை தெரியாது, பின்வரிசைக்கு மிருதங்கம் அரை அட்சரம் லேட்டாக் கேக்குற மாதிரி இருக்கும். கூட்டத்தோட வலது ஓரத்துல, உங்க கை தெரியற கோணத்துல திரும்பி உக்காரட்டும். ஆனா மைக்கைத் தொப்பியிலயும் (இடது கை முகம்) வலந்தலையிலயும் ஒட்டி வச்சு சத்தத்தை வெளிய மட்டும் கொடுங்க. பாடுற மூணு மைக்லயும் மிருதங்கம் புகுந்துச்சுன்னா சாகித்தியம் முழுகிரும். மேடைக்குள்ள பின்வரிசைக்கு மட்டும் ஒரு சின்ன மானிட்டர், அதுல மிருதங்கமும் தம்பூராவும்.

இன்னொண்ணு. கல்லூரி காசை அக்கவுண்ட்ல போடும்போது பான் கார்டு கேப்பாங்க. ஒரே இடத்துல இருந்து ஒரு வருஷத்துல 50,000 தாண்டுனா 10 சதவீதம் வரியாப் பிடிச்சுக்கிட்டுத்தான் கொடுப்பாங்க. வருமான வரிக் கணக்கு தாக்கல் பண்ணா, வரி வராத அளவு வருமானம்னா திரும்ப வந்துரும். ஜி.எஸ்.டி.யைக் கண்டு பயப்படாதீங்க, கர்நாடக சங்கீதம் மாதிரி கச்சேரிக்கு ஒரு நிகழ்ச்சிக்கு 1½ லட்சம் வரைக்கும் விலக்கு இருக்கு. மிருதங்கத்துக்கும் வயலினுக்கும் நீங்க கொடுத்ததுக்குக் கையெழுத்து வாங்கி வச்சுக்குங்க, இல்லாட்டி மொத்தத் தொகையும் உங்க வருமானமாத்தான் கணக்குல நிக்கும்.